சாம்பல் உருகினால்...

நன்கு உலர்ந்த, பட்டை நீக்கிய மரத்தை ஒரு டன் எடுத்து முழுவதும் எரித்தால் எவ்வளவு சாம்பல் எஞ்சும்? பெரும்பாலான மரங்களுக்கு விடை 3 கிலோவிலிருந்து 10 கிலோ வரைதான். நம் நாட்டு அனல்மின் நிலையங்களில் எரிக்கப்படும் நிலக்கரியிலோ டன்னுக்கு 300 கிலோவுக்கும் மேல் சாம்பல் இருப்பது வழக்கம். அப்படியானால் மரத்தை எரிக்கும் கொதிகலன்களில் சாம்பலால் தொல்லையே இருக்கக்கூடாது அல்லவா?

உண்மை வேறு. மரம் எரிக்கும் கொதிகலன்களை, அதிலும் கழிவு மரம் எரிக்கும் கொதிகலன்களை இயக்கும் பொறியாளர்களுக்குப் பெரிய கவலை சாம்பல்தான். அது குழாய்களில் கல்லைப்போல் இறுகிப் படிகிறது. புகை செல்லும் வழியை அடைக்கிறது. எஃகையே தின்று குழாயை வெடிக்கச் செய்கிறது. சிறிதளவு சாம்பல் இவ்வளவு தீங்கு செய்வது எப்படி? இதற்கு விடை காண இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து உதவ வேண்டும்.

கழிவு மரம் என்பது எது?

பழைய கட்டடங்களை இடிக்கும்போது கதவு, சன்னல், உத்திரம், தரைப்பலகை எல்லாம் வெளிவருகின்றன. இவற்றோடு உடைந்த மேசை நாற்காலிகள், சரக்குப் பெட்டிகள், பலகைத் தட்டுகள் ஆகியவையும் சேர்ந்து மலைபோல் குவியும். மறுபடியும் பயன்படுத்த முடியாதவற்றைக் குழியில் கொட்டினால் அவை மட்கும்போது மீத்தேன் வாயு வெளியாகும். எரித்தால் வெப்பமாவது கிடைக்கும். ஆகவே சுவீடன், ஜெர்மனி போன்ற நாடுகளில் இவற்றைச் சிறு துண்டுகளாக நொறுக்கிக் கொதிகலன்களில் எரிக்கிறார்கள். கிடைக்கும் நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். எஞ்சிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்கள் வழியே நகர் முழுவதும் அனுப்பி வீடுகளைக் கதகதப்பாக வைக்கிறார்கள்.

ஆனால் பழைய கதவு வெறும் மரம் மட்டும் அன்று. அதன்மேல் வண்ணப்பூச்சு இருக்கிறது. ஆணியும் கீலும் இருக்கின்றன. சுவரின் சாந்தும் ஜிப்சமும் ஒட்டியிருக்கின்றன. பி.வி.சி. பிளாஸ்டிக் துண்டுகளும் கலந்து வருகின்றன. இவை எல்லாம் உலைக்குள் போகின்றன. இவற்றின் பங்கைப் பின்னர் பார்ப்போம். முதலில் கொதிகலனுக்குள் நுழைவோம்.

கொதிகலனின் உள்ளே

கொதிகலனின் கீழ்ப்பகுதி உலை. அங்கே வெப்பநிலை 850 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். உலையின் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. நெருக்கமாக அடுக்கிய எஃகுக் குழாய்களே சுவர்களாக அமைந்துள்ளன. குழாய்களுக்குள் நீர் ஓடி ஆவியாகிறது. உலையிலிருந்து மேலெழும் சூடான புகைவாயு, அடுத்து மற்றொரு குழாய்த் தொகுதியின் இடையே பாய்கிறது. இதற்கு மிகைவெப்பி என்று பெயர். ஏற்கெனவே ஆவியான நீராவி இதன் குழாய்களுக்குள் சென்று மேலும் சூடேறி டர்பைனுக்குப் போகிறது. கொதிகலனில் மிகவும் சூடான உலோகம் இங்குதான் இருக்கிறது. சாம்பல் விரும்பித் தாக்கும் இடமும் இதுவே.

குழாயின் வெளியே 800 டிகிரி புகை. உள்ளே சுமார் 500 டிகிரி நீராவி. இடையே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுச் சுவர். இந்தச் சுவரின் வெளிப்புறத்தில் நடப்பதே நம் கதை.

மரத்துக்குள் இருக்கும் உப்பு

தாவரங்களின் உயிர்ப்புக்குப் பொட்டாசியம் இன்றியமையாதது. இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கே அது வேண்டும். வேர் வழியே உறிஞ்சப்பட்ட பொட்டாசியம் பெரும்பாலும் சாற்றில் கரைந்த நிலையிலேயே இருக்கிறது. மரம் எரியும்போது அதன் ஒரு பகுதி குளோரினோடு சேர்ந்து பொட்டாசியம் குளோரைடு ஆவியாகப் புகையில் கலக்கிறது. மற்றொரு பகுதி பொட்டாசியம் கார்பனேட்டாகச் சாம்பலில் தங்குகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விறகடுப்பின் சாம்பல் இரண்டு கரண்டி எடுத்து ஒரு குவளை நீரில் கலக்குங்கள். சிறிது நேரம் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். மஞ்சள் பொடியை நீரில் குழைத்துத் தடவி உலர்த்திய காகிதத்தில் அந்தத் தெளிநீரை ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் சிவப்பாக மாறும். சாம்பல் நீரில் காரம் இருப்பதற்கு இது சான்று. நம் வீடுகளில் சாம்பலால் பாத்திரம் துலக்கியதன் காரணமும் இதுவே.

ஐரோப்பாவில் இந்தச் சாம்பல் நீரைப் பானையில் காய்ச்சி உப்பை எடுத்தார்கள். பானையையும் சாம்பலையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்தே 'பொட்டாஷ்' என்ற பெயர் பிறந்தது. 1807இல் ஹம்ப்ரி டேவி உருகிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்திப் புதிய உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பொட்டாசியம் என்று பெயரிட்டார். ஆக, பொட்டாசியத்தின் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது!

அளவைவிடச் சேர்மானமே முக்கியம்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நெல் உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். மரத்தைவிட இது பலமடங்கு அதிகம். ஆனாலும் அரிசி ஆலைக் கொதிகலனில் உமிச் சாம்பல் எளிதில் உருகுவதில்லை. ஏனெனில் அதில் பெரும்பகுதி சிலிக்கா. மணலும் சிலிக்காதான். அதன் உருகுநிலை 1700 டிகிரிக்கும் மேல். உமிச் சாம்பல் மணல்போல் குழாய்களைத் தேய்க்குமே தவிர, பசைபோல் ஒட்டுவது குறைவு.

மரச் சாம்பலின் நிலை வேறு. அது பல பொருள்களின் கலவை. கலவைகளுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. தூய பொருள்கள் தனித்தனியே உருகும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே அவற்றின் கலவை உருகிவிடும்.

வானொலி பழுது பார்ப்பவர் பயன்படுத்தும் பற்றாசைப் பாருங்கள். காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் கலவை 183 டிகிரியிலேயே உருகுகிறது! பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் பூச்சியம் டிகிரிக்குக் கீழும் அது உருகுவதும் இந்த வகையே. ஒரு பொருளின் அணுக்கள் மற்றொன்றின் ஒழுங்கான படிக அமைப்புக்குள் எளிதில் பொருந்துவதில்லை. ஆகவே திண்மமாக இருப்பதைவிட, கலந்த திரவமாக இருப்பது அவற்றுக்கு எளிதாகிறது. இவ்வாறு மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கலவையை எளிதுருகு கலவை எனலாம்.

மணலோடு பொட்டாஷைச் சேர்த்தால் என்ன ஆகும்? 1700 டிகிரிக்கு மேல் உருகவேண்டிய மணல் சுமார் 750 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். இதை மனிதன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறான். இடைக்கால ஐரோப்பாவில் காடுகளின் நடுவே சூளை அமைத்து, மணலையும் மரச் சாம்பலையும் உருக்கிப் பச்சை நிறக் கண்ணாடி செய்தார்கள். 'காட்டுக் கண்ணாடி' என்றே அதற்குப் பெயர். அன்றைய கைவினைஞர் முயன்று செய்ததே இன்றைய கொதிகலனில் வேண்டாத விருந்தாளியாக வந்து நிற்கிறது.

சில கொதிகலன்களில் சூடான மணற்படுகையின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, மணலைக் கொதிக்கும் நீர்போல் குமிழியிடச் செய்து, அதில் மரத்தை எரிக்கிறார்கள். இங்கே பொட்டாசியம் மணல் துகள்களின்மேல் கண்ணாடிப் பூச்சாகப் படிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கவனியாமல் விட்டால் படுகை முழுவதும் ஒரே கட்டியாகி உலையை நிறுத்த நேரிடும். இதைத் தவிர்க்கவே பழைய மணலை அவ்வப்போது நீக்கிப் புதிய மணலைச் சேர்க்கிறார்கள்.

குழாயில் படிவு வளரும் விதம்

மேலே சென்ற புகைக்கு என்ன ஆகிறது? அது மிகைவெப்பிக் குழாய்களை மூன்று வழிகளில் தாக்குகிறது.

முதல் வழி பனித்துளி படிவதைப் போன்றது. குளிர்ந்த நீருள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் காற்றின் ஈரம் துளிகளாகப் படிவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலப் புகையிலுள்ள பொட்டாசியம் குளோரைடு ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த குழாயைத் தொட்டதும் வெண்ணிற உப்புப் பூச்சாகப் படிகிறது. 500 டிகிரிக் குழாயைக் 'குளிர்ந்தது' என்பது வேடிக்கைதான். ஆனால் 800 டிகிரிப் புகைக்கு அது குளிர்ந்ததே.

இரண்டாவது வழி கண்மை செய்வதைப் போன்றது. விளக்குச் சுடரின்மேல் குளிர்ந்த தட்டைப் பிடித்தால் கரி விரைந்து வந்து ஒட்டுகிறது. ஏன்? மிக நுண்ணிய துகளின் சூடான பக்கத்தில் மோதும் வாயு மூலக்கூறுகள் வேகமானவை. குளிர்ந்த பக்கத்தில் மோதுபவை வேகம் குறைந்தவை. ஆகவே துகள் குளிர்ந்த பக்கம் நோக்கித் தள்ளப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய சாம்பல் துகள்கள் இவ்வாறே குழாயைச் சுற்றிலும் ஒட்டுகின்றன.

மூன்றாவது வழி நிலைமம். பெரிய துகள்கள் புகையோடு வளைந்து குழாயைச் சுற்றிச் செல்ல முடியாமல் நேரே வந்து மோதுகின்றன. குழாய் உலர்ந்திருந்தால் மோதியவை தெறித்துவிடும். ஆனால் அங்கே ஏற்கெனவே உப்புப் பூச்சு இருக்கிறது. படிவு தடித்து வளர வளர, குழாயின் குளிர்ச்சி அதன் மேற்பரப்பை எட்டுவதில்லை. மேற்பரப்பு சூடேறி இளகிப் பிசுபிசுப்பாகிறது. வந்து மோதுவதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. படிவு படிவையே வளர்க்கிறது!

ஒரு சிறு கணக்கு

எஃகின் வெப்பங்கடத்து திறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 40 வாட். நுண்துளைகள் நிறைந்த சாம்பல் படிவுக்கு இது அரை வாட் அளவுதான் என்று கொள்வோம். 40ஐ அரையால் வகுத்தால் 80. அதாவது, 1 மில்லிமீட்டர் சாம்பல் 80 மில்லிமீட்டர் எஃகுக்குச் சமமாக வெப்பத்தைத் தடுக்கிறது!

ஆனால் முழு நிலையை அறிய வேறொரு தடையையும் எண்ண வேண்டும். புகையிலிருந்து குழாயின் பரப்புக்கு வெப்பம் வந்து சேர்வதே எளிதன்று. அந்தத் தடை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் சாம்பலின் தடைக்குச் சமம் எனலாம். இனி 10 மில்லிமீட்டர் சாம்பல் படிந்தால் தடை இருமடங்காகும். குழாய்க்குச் செல்லும் வெப்பம் பாதியாகும். எஞ்சிய வெப்பம் புகையோடு போகும். அப்புகை அடுத்துள்ள குழாய்களை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அங்கும் படிவு இளகி ஒட்டும். இப்படித் தொல்லை படிப்படியாகப் பின்னோக்கிப் பரவும்.

வண்ணப்பூச்சின் வினை

இதுவரை சொன்னது தூய மரத்துக்கும் பொருந்தும். கழிவு மரத்தில் நிலைமை இன்னும் மோசம். பழைய வண்ணங்களில் ஈயச் சேர்மங்களும் துத்தநாகச் சேர்மங்களும் உள்ளன. பி.வி.சி. பிளாஸ்டிக்கில் குளோரின் நிறைய உண்டு. உலையில் இவை சேர்ந்து ஈயக் குளோரைடாகவும் துத்தநாகக் குளோரைடாகவும் மாறுகின்றன. இவற்றின் உருகுநிலைகளைப் பாருங்கள்:

பொட்டாசியம் சல்பேட் - 1069 டிகிரி
பொட்டாசியம் குளோரைடு - 770 டிகிரி
ஈயக் குளோரைடு - 501 டிகிரி
துத்தநாகக் குளோரைடு - சுமார் 290 டிகிரி

இனி எளிதுருகு கலவையை நினைவுகூருங்கள். பொட்டாசியம் குளோரைடும் ஈயக் குளோரைடும் சேர்ந்த கலவை 400 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். துத்தநாகக் குளோரைடு சேர்ந்த கலவையோ 250 டிகிரியின் அருகிலேயே உருகும். ஆகவே மிகைவெப்பி மட்டுமன்றி, குளிர்ந்ததாகக் கருதப்பட்ட உலைச் சுவர்க் குழாய்களும் தப்புவதில்லை.

குளோரின் எஃகைத் தின்னும் முறையும் வியப்பானது. படிவின் அடியில், உயிர்வளி குறைந்த இடத்தில், குளோரின் இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. அது ஆவியாகி வெளிப்புறம் நகர்கிறது. அங்கே உயிர்வளி மிகுதி. இரும்பு ஆக்சைடாக மாறித் துருவாகத் தங்கிவிட, குளோரின் விடுபட்டு மறுபடி எஃகை நோக்கித் திரும்புகிறது. ஓடக்காரன் ஆட்களைக் கரை சேர்த்துவிட்டு வெறும் ஓடத்தோடு திரும்பி வருவதுபோல, ஒரே குளோரின் மீண்டும் மீண்டும் இரும்பை ஏற்றிச் செல்கிறது! சிறிதளவு குளோரின் பெருங்கேடு செய்வதன் இரகசியம் இதுதான்.

சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கே, கடற்கரையை ஒட்டி நீஷோப்பிங் என்ற நகர் இருக்கிறது. அங்குள்ள இட்பேக்கன் மின்-வெப்ப நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியது. கழிவு மரத்தை எரித்ததில் அதன் உலைச் சுவர்கள் அரிக்கப்பட்டன. ஆய்வாளர்கள் பலவகை உலோகத் துண்டுகளைச் சுவரில் பொருத்திச் சோதித்தனர். பொட்டாசியத்தோடு ஈயமும் சேர்ந்து எஃகைத் தாக்குவதை அவர்கள் கண்டனர். நிக்கல் மிகுந்த உலோகக் கலவைகள் சாதாரண எஃகைவிட நன்கு தாக்குப்பிடித்தன.

என்ன இழக்கிறோம்?

உருகிய உப்பிலிருந்து குழாயைக் காக்க எளிய வழி, குழாயின் வெப்பநிலையைக் குறைப்பது. நிலக்கரி நிலையங்களில் நீராவியை 540 டிகிரிக்கும் மேல் சூடாக்குவது வழக்கம். நகரக் குப்பையை எரிக்கும் பல நிலையங்கள் 400 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. கழிவு மரம் எரிப்பவை இரண்டுக்கும் இடையே தடுமாறுகின்றன.

இதன் விலை என்ன? கார்னோ வகுத்த விதி நமக்குத் தெரியும். குளிர்ந்த முனை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின் என்று கொள்வோம். 540 டிகிரி நீராவிக்கு, அதாவது 813 கெல்வினுக்கு, உச்ச அளவுப் பயனுறுதிறன் 63 விழுக்காடு. 400 டிகிரிக்கு, அதாவது 673 கெல்வினுக்கு, 55 விழுக்காடுதான். நடைமுறையில் எந்த எந்திரமும் இந்த உச்சத்தை எட்டுவதில்லை. ஆனால் உச்சம் தாழ்ந்தால் நடைமுறையும் தாழும். ஒரே வண்டி மரத்திலிருந்து குறைந்த மின்சாரமே கிடைக்கும். குளிர்நாடுகளில் எஞ்சும் வெப்பம் வீடுகளுக்கு உதவும். வெப்பநாடுகளில் அந்த ஆறுதலும் அரிது.

மாற்று வழிகள்

படிந்ததை நீக்குவது ஒரு வழி. கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உயர் அழுத்த நீராவியைப் பீச்சியடித்துச் சாம்பலை உதிர்க்கிறார்கள். ஆனால் கண்ணாடிபோல் இறுகிய படிவு இதற்கு அசைவதில்லை. அப்போது உலையை நிறுத்தி, ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கித் தட்டி எடுக்க வேண்டியதுதான். மேலிருந்து பெரிய கட்டிகள் விழக்கூடும் என்பதால் இது ஆபத்தான வேலை.

படிவின் வேதியியலை மாற்றுவது மற்றொரு வழி. மேலேயுள்ள பட்டியலை மீண்டும் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடைச் சல்பேட்டாக மாற்றிவிட்டால் உருகுநிலை 1069 டிகிரிக்கு உயரும். குளோரினும் ஐதரசன் குளோரைடு வாயுவாகப் புகையோடு போய்விடும். புகைத் தூய்மிப்பில் சுண்ணாம்பால் அதைப் பிடித்துவிடலாம். இதற்கு வேண்டியது கந்தகம். சுவீடனின் வாட்டன்பால் நிறுவனம் உருவாக்கிய 'குளோர்அவுட்' முறையில், அம்மோனியம் சல்பேட் கரைசலைச் சூடான புகையில் தெளிக்கிறார்கள். நம் உழவர்கள் வயலுக்கு இடும் அதே உரம்தான்! நீஷோப்பிங்கில் மரத்தோடு கழிவுநீர்ச் சேற்றைக் கலந்து எரித்தும் அரிப்பைக் குறைத்தார்கள். கயோலின் எனும் வெண்களிமண்ணும் பொட்டாசியத்தைப் பிணைத்து, எளிதில் உருகாத சேர்மமாக்குகிறது. நிலக்கரியில் கந்தகமும் களிமண்ணும் இயல்பாகவே இருப்பதால்தான் அதன் சாம்பல் மிகுதியாக இருந்தும் இந்த வகைத் தொல்லை குறைவு. காற்றை மாசுபடுத்தும் கந்தகம் குழாயைக் காப்பாற்றுகிறது, பார்த்தீர்களா?

வருமுன் காப்பது மூன்றாவது வழி. டென்மார்க்கில் மின் நிலையங்களுக்கு மழையில் நனைந்து நிறம் வெளுத்த வைக்கோலை விரும்பி வாங்குகிறார்கள். மழைநீர் அதன் பொட்டாசியத்தையும் குளோரினையும் கரைத்துக் கொண்டுபோயிருக்கும். ஆனால் கழிவு மரத்தின் வண்ணத்தை மழை கழுவாது. அதைத் தரம் பிரிக்கத்தான் வேண்டும். ஜெர்மனியில் 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டவிதி, கழிவு மரத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெறுமனே அறுத்து இழைத்த மரம் முதல் வகை. ஒட்டுப்பலகையும் தீங்கற்ற வண்ணம் பூசியதும் இரண்டாவது. பி.வி.சி. போன்ற பூச்சுள்ளவை மூன்றாவது. இரயில்பாதைக் கட்டைகளைப்போல மருந்தூட்டிப் பாதுகாக்கப்பட்டவை நான்காவது. நச்சு வெளியாகாமல் தடுப்பதே இந்தப் பிரிவினையின் நோக்கம். ஆனால் அது கொதிகலனையும் காக்கிறது.

சாம்பல் என்றால் எரிந்து முடிந்த பொருள், இனி ஒன்றும் செய்யாது என்றே எண்ணுகிறோம். கொதிகலனில் அதன் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கரும்புச் சக்கையையும் சீமைக் கருவேல மரத்தையும் எரிக்கும் நம் மாநிலக் கொதிகலன்களிலும் பொட்டாசியம் உண்டு. இங்கும் அதே விதிகள்தாம். ஆகவே ஒரு புதிய எரிபொருளைப் பற்றிக் கேள்விப்பட்டால் "எவ்வளவு வெப்பம் தரும்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "அதன் சாம்பலில் என்னென்ன இருக்கின்றன, அவை சேர்ந்து எந்த வெப்பநிலையில் உருகும்?" என்றும் கேளுங்கள்.